பெயிண்ட் கடையில் பார்ட் டைம்: நிறம் மாறிய வாளிக்கு என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், என்ன செய்வது?

மாலைஷிப்ட்

திருச்சியில் பி.காம் இரண்டாம் வருடம். காலேஜ் ஒன்றரைக்கு முடிந்துவிடும் என்பதால் ஆடி மாசக் கடைசியில் ஒரு பெயிண்ட் கடையில் சேர்ந்தேன். நாலு மணியிலிருந்து ஒன்பதரை வரை, ஞாயிறு காலையில் மட்டும் அரை நாள். சம்பளம் 7,000. முதல் மூன்று வாரம் வாளி தூக்குவது, 40 கிலோ சுவர்ப் பட்டி மூட்டையை ஆட்டோவில் ஏற்றுவது, ரேக்கில் தூசு தட்டுவது, அவ்வளவுதான். அப்புறம் நிறம் கலக்கும் கலர் மெஷினில் நிற்க விட்டார்கள். உண்மையைச் சொன்னால் அதற்கு ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தேன்.

இப்போது பிரச்சினை. ஒரு வீட்டுக்காரர் வெளிச்சுவருக்கு வெளிர் சந்தன நிறத்தில் 20 லிட்டர் வாளி ஒன்று வாங்கிப் போனார். அதைக் கலக்கியது எங்கள் கடையில் பதினெட்டு வருடமாக இருக்கும் பெரியவர், எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். நாலு நாள் கழித்து அதே நிற நம்பரில் இன்னொரு வாளி வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அன்று சாயங்காலம் மெஷினில் நான் மட்டும். பழைய பில்லைப் பார்த்து அதே நம்பர், அதே பேஸ் (கலர் விடாத அடிப் பெயிண்ட்), அதே அளவு போட்டு, குலுக்கி, மூடியில் பொட்டு வைத்துக் காயவிட்டு நிற மாதிரி அட்டையான ஷேட் கார்டோடு ஒத்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். மறுநாள் காலையில் முதலாளி போனுக்கு போட்டோ வந்துவிட்டது. பக்கச்சுவரில் நட்டநடுவே கோடு கிழித்த மாதிரி இரண்டு நிறம், இடது பக்கம் அழுத்தமான சந்தனம், வலது பக்கம் வெளிறிப்போய்.

வாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு கொடுத்தார்கள். அதன் விலை 5,400, மாசம் 1,800 வீதம் மூன்று மாசம் பிடித்துக்கொள்வேன் என்கிறார் முதலாளி. முதல் 1,800 பிடித்தாயிற்று. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்றே தெரியவில்லை, அதுதான் பணத்தைவிட எரிச்சலாக இருக்கிறது.

பட்டிபார்த்தவன்

தம்பி, மதுரைப் பக்கம் இருபத்திரண்டு வருடமாகப் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். முதலில் இதற்கெல்லாம் பதில் சொல். சுவர் முழுக்க ஒரே மாதிரி பிரைமர் அடித்திருந்ததா? போட்டோ எடுக்கும்போது இரண்டு பக்கமும் நன்றாகக் காய்ந்திருந்ததா? எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காயக் காயத்தான் அடர்த்தி ஏறும். நேற்று அடித்ததையும் இன்று காலை அடித்ததையும் பக்கத்தில் வைத்தால் ஒரே வாளியே இரண்டு நிறமாகத்தான் தெரியும். வலது பக்கம் ஒரு கோட்டா, இரண்டு கோட்டா?

இன்னொன்று. சுவர் நடுவில் வாளி மாற்றியவன் பெயிண்டரே இல்லை. இரண்டு வாளி என்றால் பெரிய டிரம்மில் கொட்டிச் சேர்த்துக் கலக்கிவிட்டுத்தான் தொடங்குவோம். அது முடியாவிட்டால் மூலை வரைக்கும் பழைய வாளியை ஓட்டி, மூலை திரும்பியதும் புது வாளியைத் திறப்போம். கடைக்காரன் எவ்வளவு ஒழுங்காகக் கொடுத்தாலும் வாளிக்கு வாளி ஒரு மயிரிழை மாறும்.

மாலைஷிப்ட்

அண்ணா, இரண்டு பக்கமும் இரண்டு கோட், பிரைமர் ஒரே நாளில் அடித்தது, நன்றாகக் காய்ந்த பிறகு எடுத்த போட்டோ. நானே நேரில் போய்ப் பார்த்தேன். மயிரிழை இல்லை, ரோட்டில் இருந்தே தெரிகிறது.

கல்லாப்பெட்டி

நான் முதலாளி கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொங்குப் பக்கம் ஹார்டுவேர், பெயிண்ட் இரண்டும் வைத்திருக்கிறேன்.

கலர் கலந்த வாளியைக் கம்பெனி திரும்ப எடுக்காது. கலக்காத வெள்ளையாக இருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள், கலந்த நிமிடத்தில் அது நம் தலையில். இன்னொருத்தருக்கு விற்கலாம் என்றால் அதே நிறம் யார் கேட்பார்கள்? என் கடை மாடிப்படிக்கு அடியில் இப்படி ஒன்பது வாளி கிடக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு பையனின் ஞாபகம். ஒருத்தன் அடர் நீலத்துக்கு வெள்ளை பேஸ் எடுத்துவிட்டான், எவ்வளவு கலர் விட்டாலும் வானத்து நீலத்துக்கு மேல் ஏறவில்லை. இன்னொருத்தன் மெஷினில் 20 லிட்டர் என்று போட்டுவிட்டு 10 லிட்டர் வாளியை வைத்தான், கிளிப்பச்சை கேட்டவருக்கு வேப்பிலைப் பச்சை போனது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். மூன்று வாரம் ஆன பையனை ஆள் துணை இல்லாமல் மெஷினில் நிறுத்தியது முதலாளி செய்த தப்பு. நான் முதல் இரண்டு மாசம் பையன்களை 1 லிட்டர், 4 லிட்டர் டப்பா மட்டும்தான் கலக்க விடுவேன். போனால் ஐந்நூறு, ஆயிரத்தோடு போகும். 5,400 முழுவதையும் பையனிடம் பிடிப்பதை நான் செய்ய மாட்டேன். திட்டுவேன், நன்றாகவே திட்டுவேன்.

சட்டம்பேசி

சம்பளத்தில் நஷ்டத்துக்குப் பிடிக்க முடியவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிடிக்கலாம், ஆனால் இஷ்டத்துக்கு இல்லை. 1936ம் வருடத்துச் சம்பளச் சட்டத்திலிருந்தே உள்ள விதி இது: பொருள் அந்த ஆளின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டதாக இருக்க வேண்டும், அவருடைய அலட்சியத்தால்தான் நஷ்டம் என்று இருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன்னால் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், ஆன நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய் பிடிக்கக் கூடாது. உன்னிடம் யாராவது விளக்கம் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் அதையே எடுத்துச் சொல். கடையில் சண்டை போட வேண்டாம், ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடு. அதற்கும் மசியவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது.

அப்புறம் வேறு விஷயம். அந்தக் கடையில் உட்கார ஸ்டூல் உண்டா? 2021ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

மாலைஷிப்ட்

ஸ்டூல் உண்டு. அதில் மாஸ்டர் உட்காருவார். எங்களுக்குக் கவிழ்த்த 20 லிட்டர் வாளி.

பில்போடுபவள்

நானும் படிக்கும்போது இரண்டு வருடம் பெயிண்ட் கடையில் பில் போட்டேன், அதனால் எழுதுகிறேன். மெஷினுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. கஸ்டமர் உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து “கடையில் ஆள் இல்லையாம்மா?” என்று கேட்பார். நான் ஆள் இல்லையா? ஒரு சுவருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டுச் சொன்னால் நம்ப மாட்டார், அதையே பின்னால் இருந்து பட்டி மூட்டை தூக்கும் பையன் சொன்னால் தலையை ஆட்டுவார்.

அடர் கலர் வாங்குபவர்களிடம் தினமும் ஒரு பஞ்சாயத்து வேறு. 20 லிட்டர் என்று நினைத்து வந்து வாளியில் 18 என்று பார்த்ததும் ஏமாற்றுகிறோம் என்று கத்துவார்கள். அடர் பேஸில் கலர் நிறைய விட வேண்டும், அதற்கு இடம் விட்டுத்தான் 18, 9, 3.6 என்று அடைத்து வருகிறது, விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான் என்று எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்.

டோக்கன் தகராறு இன்னொரு பக்கம். பெயிண்டருக்குக் கம்பெனி பரிசாகத் தரும் டோக்கன் வாளிக்குள் இருக்கும், இப்போது போனில் ஸ்கேன் செய்து பாயிண்ட் ஏற்றிக்கொள்கிறார்கள். கலர் கலக்க மூடியைத் திறப்பது கடையில், அதனால் டோக்கன் காணோம் என்றால் முதலில் சந்தேகம் பார்ட் டைம் பையன் மேல்தான். தம்பி, அதில் மட்டும் ஜாக்கிரதை. மூடி திறந்ததும் டோக்கனை எடுத்து எல்லார் கண் முன்னாலும் மூடி மேல் ஒட்டிவிடு.

உன் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். காலையில் மெஷினை ஓட்டிப் பார்த்தார்களா? எங்கள் கடையில் தினமும் முதல் வேலை ஒவ்வொரு குழாயிலும் கொஞ்சம் கலரை வெளியே விட்டுப் பார்ப்பது. மஞ்சள் குழாய் நுனி காய்ந்து அடைத்துக்கொண்டால், மெஷின் விட்டதாகக் கணக்குக் காட்டும், வாளியில் விழுந்திருக்காது.

மாலைஷிப்ட்

அக்கா, அதையும் பார்த்தேன். எனக்கு அப்புறம் மாஸ்டர் அதே மெஷினில் நாலைந்து மஞ்சள் கலர் போட்டார், எல்லாம் சரியாக வந்தது. தவிர, நான் வைத்த பொட்டு ஷேட் கார்டோடு ஒத்துப்போனதே.

பனிவிழும்ஊர்

நான் ரொறன்ரோவில் படிக்கும்போது ஒரு பெரிய கடையில் பெயின்ற் பகுதியில் பகுதிநேரம் வேலை செய்தேன். அங்கே பிழையாகக் கலந்த வாளிக்கென்று ஒரு தட்டு இருந்தது. விலையை நன்றாகக் குறைத்து, மூடியில் நிறத்தைப் பூசி அதில் வைத்துவிடுவோம். சனிக்கிழமை காலையில் அதைத் தேடியே கனபேர் வருவார்கள், நிலக்கீழ் அறைக்கும் கார் விடுகிற கராச்சுக்கும் எந்த நிறமானால் என்ன. நானும் மூன்று, நான்கு வாளி பிழை விட்டிருக்கிறேன், சம்பளத்தில் ஒரு சதம் கழிக்கவில்லை. கல்லாப்பெட்டி ஐயா, உங்கள் கடை மாடிப்படி வாளிகளையெல்லாம் பாதி விலைக்கு வெளியே வைத்தால் என்ன?

கல்லாப்பெட்டி

வைத்துப் பார்த்தாயிற்று. இங்கே “மிச்சம்” என்று தெரிந்தால் கெட்டுப்போனது என்று முடிவே கட்டிவிடுவார்கள். வீட்டுக்கு அடிப்பது என்றால் நல்ல நேரம் பார்த்து வாங்குகிற ஊர், கிரகப்பிரவேசத்துக்கு யாராவது அடுத்தவன் வேண்டாம் என்ற பெயிண்ட் எடுப்பார்களா? ஒரு தடவை ஒரு கோழிப்பண்ணைக்காரர் மூன்று வாளி எடுத்தார். அவ்வளவுதான்.

பட்டிபார்த்தவன்

தம்பி, நேற்று ராத்திரி முழுக்க இதையே யோசித்தேன். உன் பொட்டு கார்டோடு ஒத்துப்போகிறது என்றால் உன் வாளி சரி. அப்படியானால் தப்பு முதல் வாளியில்தான் இருக்கிறது. எல்லாரும் இரண்டாவது வாளியையே பிடித்துக்கொண்டு நிற்கிறோம். முதல் வாளியின் மூடியை யாராவது பார்த்தீர்களா? அதில் உள்ள ஸ்டிக்கர் என்ன சொல்கிறது, பொட்டு என்ன நிறம்? பெயிண்டர் மூடியைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டான், எதையாவது மூடி வைத்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்.

மாலைஷிப்ட்

போனேன். இன்றைக்கு மதியம் கடை முடிந்து நேராக அந்த வீட்டுக்குத்தான்.

வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். மூடி சம்பு ஓரத்தில் சிமென்ட் கரைசலோடு கிடந்தது. கழுவிப் பார்த்தேன். ஸ்டிக்கரில் நான் போட்ட அதே நம்பர், ஒவ்வொரு கலரும் அதே மில்லி, ஒரு புள்ளி மாற்றம் இல்லை. ஆனால் மூடியில் பொட்டு ஒன்று இல்லை, இரண்டு. பக்கத்துப் பக்கத்தில். ஒன்று வெளிறியது, என் வாளி நிறம்தான். இன்னொன்று அழுத்தமானது, இடது பக்கச் சுவரில் வைத்தால் எங்கே சுவர், எங்கே பொட்டு என்று தெரியவில்லை.

அந்த வீட்டு அக்கா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்கவே இல்லை, அவர்களே சொன்னார்கள்: “அன்னைக்கு நான்தாம்பா கடைக்கு வந்தேன். ரொம்ப வெள்ளையா இருக்கு, கொஞ்சம் தூக்கிக் குடுங்கன்னேன், அந்தப் பெரியவர் ஒரு சின்ன பாட்டில்ல இருந்து ஊத்தினாரு.”

ஸ்டெய்னர், அதாவது பெயிண்டில் விடும் கெட்டிக் கலர். கையால் ஊற்றியிருக்கிறார். பில்லிலும் எழுதவில்லை, ஸ்டிக்கரிலும் எழுதவில்லை.

பில்போடுபவள்

எனக்குக் கை நடுங்குகிறது, இது என் கதை மாதிரியே இருக்கிறது. முதலாளியிடம் சொன்னாயா?

மாலைஷிப்ட்

இல்லை அக்கா. சொன்னால் மாஸ்டரைப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். அவர் கெட்டவர் இல்லை. வாளி மூடியை ஸ்க்ரூடிரைவரால் ஒரே இடத்தில் நெம்பாதே, சுற்றிச் சுற்றி நெம்பு, இல்லாவிட்டால் விளிம்பு வளைந்து அப்புறம் மூடாது என்று முதல் நாள் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். டீ வாங்கித் தருவார். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்.

கல்லாப்பெட்டி

முதலாளியாகச் சொல்கிறேன், நேராக முதலாளியிடம் போகாதே. முதலில் மாஸ்டரிடம் போ. மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு போ. ஒன்றும் பேச வேண்டாம், காட்டு. பதினெட்டு வருடம் தொழில் செய்தவருக்கு இரண்டு பொட்டைப் பார்த்தாலே புரியும். அவர் மறந்திருப்பார், வேண்டும் என்று உன்னை மாட்டிவிட்டிருக்க மாட்டார். கையால் தூக்கிக் கொடுப்பது எங்கள் தலைமுறைக்குப் பழக்கம். மெஷின் வருவதற்கு முன்னால் எல்லாமே அப்படித்தான், டிஸ்டம்பரில் ஸ்டெய்னர் விட்டுக் குச்சியால் கலக்கி, கஸ்டமர் போதும் என்று சொல்லும் வரைக்கும்.

சட்டம்பேசி

மாறுபடுகிறேன். அவன் சம்பளத்தில் பிடிப்பது முதலாளி. பதில் சொல்ல வேண்டியதும் முதலாளிக்குத்தான். பெரியவர் மனசு நோகும் என்று ஒரு மாணவன் 5,400 கட்ட வேண்டுமா?

பட்டிபார்த்தவன்

இரண்டு பேரும் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, அந்த வாளியைக் காப்பாற்றலாம், அதை யாரும் சொல்லவில்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

மாலைஷிப்ட்

17 லிட்டர் இருக்கும் அண்ணா. 3 லிட்டர்தான் அடித்திருந்தார்கள்.

பட்டிபார்த்தவன்

சரி. மருந்துக்கடையில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கு. வாளியை நன்றாகக் கலக்கிவிட்டு ஒரு லிட்டர் மட்டும் மக்கில் எடு. அவர் ஊற்றிய அதே ஸ்டெய்னரை அரை மில்லி விட்டுக் கலக்கு, பொட்டு வை, முழுக்கக் காயவிடு. அவசரப்பட்டு ஈரப் பொட்டைப் பார்த்து முடிவு செய்யாதே. மூடியில் உள்ள அழுத்தமான பொட்டு வரும் வரைக்கும் அரை அரை மில்லியாக ஏற்று, எத்தனை மில்லி என்று எழுதி வை. அதை மிச்சம் 16 லிட்டருக்குப் பெருக்கு. ஆனால் கணக்கு வந்ததை அப்படியே ஊற்றிவிடாதே, முக்கால் பங்கு ஊற்றிப் பார்த்துவிட்டு மீதியை விடு. ஏற்றலாம், இறக்க முடியாது. டியூப்லைட்டில் மட்டும் பார்க்காதே, பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்துப் பார். கடை வெளிச்சத்தில் ஒத்துப்போகிற இரண்டு சந்தனம் வெயிலில் சண்டை போடும்.

புதுமுகம்88

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். தம்பிக்கு இதே மாதிரி வேலை வந்திருக்கிறது, பெயிண்ட் வாசம் உடம்புக்கு ஆகாது என்று வீட்டில் பயப்படுகிறார்கள். நிஜமா?

பில்போடுபவள்

எமல்ஷன் தண்ணீரில் கரைவது, வாசம் குறைவு. தலையை வலிக்க வைப்பது எனாமலும் தின்னரும் டர்பன்டைனும்தான், அதிலும் மூடிய குடோனில் யாராவது தின்னரைக் கேனிலிருந்து பாட்டிலில் ஊற்றினால். ஷட்டரைத் திறந்து வைத்து ஃபேன் போடச் சொல்லுங்கள். ஈயம் பற்றிக் கேட்டால், வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பழைய ஜன்னலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்கள்தான் அதைவிடப் பயப்பட வேண்டும், அந்தத் தூசியில் பழைய காலத்துப் பெயிண்ட் இருக்கும். என்னைக் கேட்டால் வாசத்தைவிட முதுகு முக்கியம். 20 லிட்டர் வாளியை இடுப்பை வளைத்துத் தூக்க வேண்டாம், முட்டியை மடக்கித் தூக்கச் சொல்லுங்கள்.

மாலைஷிப்ட்

இரண்டு நாளாக வரவில்லை, மன்னிக்கவும்.

கல்லாப்பெட்டி ஐயா சொன்னபடியே செய்தேன். திங்கட்கிழமை மாஸ்டர் தனியாக இருந்தபோது மூடியை மேசையில் வைத்தேன். பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அரை மணி நேரம் கழித்து வந்து, “சிரிஞ்ச் இருக்கா?” என்றார். நான் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

எங்கள் கடை மாடிப்படிக்கு அடியில் இருந்து வாளியை நான்தான் இழுத்து வந்தேன். அவர் ஊற்ற, நான் எண்ண. மஞ்சள் ஆக்ஸைடு. ஒரு லிட்டருக்கு இரண்டரை மில்லியில் பொட்டு ஒத்துப்போனது. 16 லிட்டருக்கு 40 மில்லி, முதலில் 30 விட்டோம், குலுக்கி, வாசலில் வைத்துப் பார்த்து, அப்புறம் 8. கடைசி இரண்டை வேண்டாம் என்று அவரே நிறுத்திவிட்டார், அந்தக் கண் எனக்கு வர இன்னும் பத்து வருடம் ஆகும். மக்கில் இருந்ததையும் வாளியில் கொட்டிவிட்டோம்.

மறுநாள் காலை நான் காலேஜில் இருக்கும்போது அவரே முதலாளியிடம் சொல்லியிருக்கிறார், என்ன சொன்னார் என்று தெரியாது. சாயங்காலம் போனபோது மெஷினுக்குப் பக்கத்தில் கயிறு கட்டி ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. கையால் எது ஊற்றினாலும் நம்பர், தேதி, எத்தனை மில்லி, யார் ஊற்றியது, எல்லாம் அதில் எழுத வேண்டுமாம். முதல் வரி மாஸ்டர் கையெழுத்து. வாளி அதே வீட்டுக்குப் பின்பக்கச் சுவருக்குப் போனது, இதுவரை போன் எதுவும் வரவில்லை.

முதலாளி என்னிடம் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. “இனிமே பிடிக்கல, போய் வேலையைப் பாரு” என்றார். மாஸ்டர் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் டீ வருகிறது.

கல்லாப்பெட்டி

நோட்டு நல்ல யோசனை. நாளைக்கே என் கடையிலும் தொங்கவிடுகிறேன். பையனுக்கு வேலை வேண்டும் என்றால் இந்தப் பக்கம் வரச் சொல்லுங்கள்.

பட்டிபார்த்தவன்

பொங்கல் வரைக்கும் அந்த இடத்தை விடாதே தம்பி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் வெளிவேலை நின்றுவிடும், கசிவு மருந்தும் மொட்டைமாடிப் பூச்சும்தான் ஓடும், அப்போது கடையில் ஈ ஓட்டுவாய். மார்கழி பாதியில் இருந்து போகி வரைக்கும் நிற்க நேரம் இருக்காது. அந்த அரை மாசத்தில் ஒரு வருடத் தொழில் பழகிவிடலாம்.

சட்டம்பேசி

எல்லாம் சரி. இனிமேல் பிடிக்கவில்லை என்றால், ஏற்கெனவே பிடித்தது? முதல் 1,800?

மாலைஷிப்ட்

கேட்டேன். பொங்கலுக்குப் போனஸோடு சேர்த்துத் தருகிறேன் என்றார்.

சட்டம்பேசி

எந்த வருஷப் பொங்கலுக்கு என்று கேட்டு, அந்த நோட்டிலேயே எழுதி வாங்கு.